கேம்பிங் டிரெய்லர் வாங்கலாமா? "மாசம் 304 டாலர்தான்" என்பதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு



அமெரிக்காவில் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள்கிட்ட இருந்து ஒவ்வொரு வசந்த காலத்திலும் தவறாம வர்ற கேள்வி இது. "பசங்க வளர்றாங்க, ஹோட்டல் செலவு எகிறுது, ஒரு டிரெய்லர் வாங்கிட்டா வாராவாரம் கிளம்பிடலாமே? டீலர் மாசம் 304 டாலர்தான்னு சொல்றார். வாங்கலாமா?"

ஆசையில தப்பே இல்லை. மரத்தடியில நாற்காலியைப் போட்டு, நம்ம கையால போட்ட காபியைக் குடிக்கிற சுகம் எந்த ஹோட்டலிலும் கிடைக்காது. டெக்சாஸின் பிக் பெண்ட் மாதிரி இடத்துக்குப் போனா, சைவம் சாப்பிடுறவங்களுக்கு சொந்த சமையலறை எவ்வளவு பெரிய நிம்மதின்னு போனவங்களுக்குத் தெரியும். அதனால "இதெல்லாம் வீண் செலவு"ன்னு ஒரே வரியில முடிக்கப் போறதில்லை. எத்தனை ராத்திரி அதில் தூங்கினா இந்த முடிவு சரி, எத்தனைக்குக் கீழே போனா தப்பு, அந்த எண்ணைத்தான் இன்னைக்குக் கண்டுபிடிக்கப் போறோம்.

டாலஸ் பக்கம், ஃபிரிஸ்கோவிலோ பிளேனோவிலோ இருக்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். கணவன், மனைவி, ரெண்டு பசங்க. கீழே வர்ற விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஊர், உங்க கிரெடிட் ஸ்கோர், நீங்க பார்க்கிற மாடல் இதுக்கேத்த மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க. போடுற முறை மாறாது.

முதல்ல, அந்த 304 டாலர் எங்கிருந்து வந்துச்சு?

பசங்களுக்கு பங்க் பெட் இருக்கிற 24 அடி புது டிரெய்லர், விலை 32,000 டாலர். டெக்சாஸில் 6.25% விற்பனை வரி, அது 2,000 டாலர். டீலர் கட்டணம், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேர்த்து 1,000. மொத்தம் 35,000. முன்பணம் 5,000 கட்டுறீங்க. மீதி 30,000 கடன், வட்டி 9%.

- 10 வருஷக் கடன்: மாசம் 380 டாலர். மொத்த வட்டி சுமார் 15,600.
- 15 வருஷக் கடன்: மாசம் 304 டாலர். மொத்த வட்டி சுமார் 24,800.

மாசம் 76 டாலர் குறையுதுன்னு சந்தோஷப்பட்டா, கடைசியில 9,000 டாலருக்கு மேல கூடுதல் வட்டி. கார் கடனை 5, 6 வருஷத்துல முடிச்சுப் பழகின நமக்கு டிரெய்லருக்கு 15 வருஷம், சில இடங்களில் 20 வருஷம்கூட கடன் கிடைக்கும்னு கேட்டா ஆச்சரியமா இருக்கும். கடனை இழுக்க இழுக்க இஎம்ஐ சின்னதாகும், அதனாலதான் டீலர் பேச்சை விலையில ஆரம்பிக்காம மாசத் தவணையில ஆரம்பிக்கிறார்.

இன்னொரு விஷயம். 15 வருஷக் கடனில் முதல் வருஷம் நீங்க கட்டுற 3,650 டாலரில் அசலுக்குப் போறது 1,000 டாலர்கூட இல்லை. மீதி 2,660 வட்டி. வண்டியோ டீலர் வாசலைத் தாண்டின நிமிஷத்துல இருந்து விலை இறங்க ஆரம்பிச்சிடும். கடன் ஆமை மாதிரி குறையுது, விலை முயல் மாதிரி இறங்குது. இந்த இடைவெளிதான் ஆபத்து. அதுக்குப் பின்னால வர்றேன்.

ஒரு அடிகூட நகராம ஆகுற செலவு

அஞ்சு வருஷம் வெச்சிருந்து விக்கிறீங்கன்னு வெச்சுக்குவோம். விற்பனை விலை பாதி, 16,000 டாலர். இருக்கிறதிலேயே நல்ல வழியான 10 வருஷக் கடனையே எடுத்துக்கறேன். வருஷத்துக்கு ஆகுற செலவு இதோ:

- விலை இறக்கம், வரி, டீலர் கட்டணம் (19,000 டாலரை 5 வருஷத்துக்குப் பிரிச்சா): 3,800
- வட்டி (முதல் 5 வருஷ சராசரி): 2,220
- நிறுத்தி வைக்கிற இடத்துக்கு வாடகை, மாசம் 100: 1,200
- இன்சூரன்ஸ்: 400
- ரிஜிஸ்ட்ரேஷன்: 100
- பராமரிப்பு (டயர், பேட்டரி, கூரை சீலன்ட், சக்கர பேரிங்): 700
- ஹிட்ச், பிரேக் கன்ட்ரோலர், தண்ணிக் குழாய், கரண்ட் சாமான்கள் (1,500 டாலரை 5 வருஷத்துக்கு): 300

மொத்தம்: வருஷத்துக்கு 8,720 டாலர்.

முன்பணத்தை வேற எங்கயாவது போட்டிருந்தா வந்திருக்கக்கூடிய வருமானத்தை இதில் சேர்க்கவே இல்லை. கேம்ப்கிரவுண்ட் கட்டணமும் பெட்ரோலும்கூட இனிமேல்தான்.

"நிறுத்த இடத்துக்கு எதுக்கு வாடகை? நம்ம வீட்டு டிரைவ்வேயில நிக்கட்டுமே"ன்னு தோணும். உங்க ஹெச்ஓஏ விதிகளை எடுத்து ஒரு தடவை படிச்சுப் பாருங்க. புறநகரில் இருக்கிற பல குடியிருப்புகளில் டிரெய்லரை வாசலில் நிறுத்தக் கூடாது. ஏத்தி இறக்க ஒண்ணு ரெண்டு நாள் மட்டும் அனுமதி இருக்கலாம். அபார்ட்மென்ட்ல இருந்தா பேச்சே வேண்டாம், வாடகை இடம்தான்.

பராமரிப்புல நம்ம ஊர் பழமொழி அப்படியே பொருந்தும்: ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும். டிரெய்லர் அசைஞ்சும் தின்னும், அசையாமலும் தின்னும். ஓடாம நின்னாலும் டயர் வயசாகும். தேய்மானம் தெரியாட்டியும் 5, 6 வருஷத்துல மாத்தணும். கூரை ஓரத்து சீலன்ட் வெடிச்சா மழைத்தண்ணி சுவருக்குள்ள இறங்கும், மரச்சட்டம் உளுத்துப்போகும். டிரெய்லரோட முதல் எதிரி தண்ணிதான். குளிர்காலத்துக்கு முன்னால குழாயில தண்ணியை வடிச்சு, ஆர்விக்குன்னே வர்ற ஆன்டிஃப்ரீஸ் ஊத்தணும். மறந்தா ஒரே உறைபனி ராத்திரியில குழாய் வெடிக்கலாம்.

உங்க எண் என்ன?

இப்ப ஒப்பிட ஆரம்பிக்கலாம்.

வாடகை டிரெய்லரோட ஒப்பிட்டா: அவுட்டோர்ஸி, ஆர்விஷேர் மாதிரி தளங்களில் மத்தவங்க டிரெய்லரை வாடகைக்கு எடுக்கலாம். வாடகை, சர்வீஸ் கட்டணம், இன்சூரன்ஸ், சுத்தம் செய்யற கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 170 டாலர்னு வெச்சுக்குவோம். கேம்ப்கிரவுண்ட் கட்டணமும் பெட்ரோலும் ரெண்டுக்கும் பொது. 8,720-ஐ 170-ஆல வகுத்தா 51 ராத்திரி. வருஷத்துக்கு 51 ராத்திரிக்கு மேல தூங்கினாதான் சொந்த வண்டி லாபம்.

ஹோட்டலோட ஒப்பிட்டா: அறை 160, வெளியில சாப்பிடுறதால கூடுற செலவு 60, ஆக 220 டாலர். டிரெய்லர்னா கேம்ப்கிரவுண்ட் 45, இழுக்கிறதால கூடுற பெட்ரோல் 25, ஆக 70. ஒரு ராத்திரிக்கு 150 மிச்சம். 8,720-ஐ 150-ஆல வகுத்தா 58 ராத்திரி.

இப்ப உங்க காலண்டரைத் திறங்க. வருஷத்துல 52 வாரக்கடைசி. ஜூலை, ஆகஸ்ட்ல டெக்சாஸ் வெயில்ல கேம்பிங் போறவங்க குறைவு. டிசம்பர், ஜனவரி குளிர். ஊருக்குப் போய்ட்டு வர்ற மூணு வாரம் லீவைத் தின்னுடும். மீதியில ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி, பசங்க சாக்கர் மேட்ச், பிறந்தநாள் விழா, கொலு, பொங்கல், ஆன்கால் ட்யூட்டி. இத்தனையும் தாண்டி மாசம் ஒரு ட்ரிப் தவறாம போற குடும்பமே பெரிய விஷயம். அதுலயும் 10 ட்ரிப், ட்ரிப்புக்கு 2 ராத்திரி, ஆக 20 ராத்திரி.

20 ராத்திரிக்கு 8,720-ஐப் பிரிச்சா ஒரு ராத்திரிக்கு 436 டாலர். அதோட 70 சேர்த்தா 506. அந்தக் காசுக்கு டாலஸ் டவுன்டவுன்ல நல்ல ஹோட்டல்லயே தங்கலாம், கழிவுத் தொட்டியை நாம காலி பண்ண வேண்டியதும் இல்லை.

டிரெய்லர் வாங்கினா கேம்ப்கிரவுண்ட்ல இடமும் கிடைச்சிடும்னு நினைச்சுக்காதீங்க. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்துல பல கேம்ப்கிரவுண்ட்களுக்கு 6 மாசம் முன்னாலயே முன்பதிவு திறந்திடும். பேர்போன இடங்களில் நீண்ட வாரக்கடைசிகள் திறந்ததுமே போயிடும். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோணினா கிளம்பிடலாம்"ங்கிற கனவு, ஐ-35 டிராஃபிக்லயும் "இடம் இல்லை" போர்டுலயும் முட்டி நிக்கும்.

உங்க கார் இழுக்குமா?

பலரும் டிரெய்லரை ரசிச்சுப் பார்த்துட்டு இதைக் கடைசியில யோசிக்கிறாங்க. இதைத்தான் முதல்ல பார்க்கணும். நம்ம வீடுகளில் நிக்கிற வண்டிகளையே எடுத்துக்குங்க. ஹோண்டா சிஆர்-வி அதிகபட்சம் 1,500 பவுண்டு இழுக்கும். ஹோண்டா ஒடிசி 3,500. பெட்ரோல்ல ஓடுற டொயோட்டா ஹைலாண்டர் 5,000. அந்த 24 அடி டிரெய்லர் காலியாவே 5,000 பவுண்டு பக்கம் வரும். தண்ணி, துணிமணி, குக்கர், அரிசி எல்லாம் ஏத்தினா 6,500.

அப்ப பிக்கப் டிரக் வேணும். அதுலயும் "10,000 பவுண்டு இழுக்கும்"ங்கிற விளம்பரத்தை நம்பி வாங்காதீங்க. ஓட்டுநர் கதவைத் திறந்தா உள்பக்கம் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆளும் சாமானும் சேர்ந்து எவ்வளவு எடை ஏத்தலாம்னு அதுல போட்டிருக்கும். டிரெய்லர் எடையில 10 முதல் 15% வரைக்கும் ஹிட்ச் வழியா உங்க வண்டி மேல உக்காரும். 6,500-க்கு 12% போட்டா 780 பவுண்டு. நாலு பேர் 550. பின்னால சாமான் 200. மொத்தம் 1,530. ஸ்டிக்கர்ல 1,450-ன்னு இருந்தா அந்த டிரக் உங்களுக்கு ஆகாது, டீலர் என்ன சொன்னாலும் சரி. இது காசு விஷயம் மட்டும் இல்லை. நெடுஞ்சாலையில காத்துல டிரெய்லர் ஆட ஆரம்பிச்சா பின்சீட்ல இருக்கிறது உங்க பசங்க.

சரி, டிரெய்லருக்காக காரை மாத்துறீங்க. மாசம் 300 டாலர் கூடுதல்னு வெச்சா வருஷத்துக்கு 3,600. செலவு 12,320 ஆகுது. வாடகையோட ஒப்பிட்டா இப்ப உங்க எண் 51 இல்லை, 72 ராத்திரி.

டீலர் சொல்ற மூணு சமாதானம்

1. "வரிச் சலுகை இருக்கு." பாதி உண்மை. படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை மூணும் இருந்தா டிரெய்லரை ரெண்டாவது வீடாக் காட்டி, அதை ஈடா வெச்சு வாங்கின கடனோட வட்டியைக் கழிக்க வரிச் சட்டம் அனுமதிக்குது. ஆனா நீங்க ஐட்டமைஸ் பண்ணாதான். 2024 வருமானத்துக்கு தம்பதிக்கான ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 29,200 டாலர், அடுத்த வருஷம் அது இன்னும் கூடிடுச்சு. வீட்டுக் கடன் பெரிசா இல்லாதவங்களுக்கு இந்த 2,600 டாலர் வட்டியால ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஏற்கனவே ஐட்டமைஸ் பண்றவங்க 22% வரி வரம்புல இருந்தா மிச்சம் சுமார் 570 டாலர். 570 மிச்சம் பிடிக்க 2,600 வட்டி கட்டுறதுக்குப் பேர் சேமிப்பு இல்லை.

2. "நீங்க போகாதப்ப வாடகைக்கு விடுங்க, இஎம்ஐ தானா கட்டிக்கும்." ஹெச்-1பி விசாவில் இருக்கிறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. டிரெய்லரைச் சுத்தம் பண்றது, வர்றவங்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்படைக்கிறது, புக்கிங்கைக் கவனிக்கிறதுன்னு நீங்களே இறங்கிச் செஞ்சா, அது அனுமதி இல்லாத வேலைன்னு பார்க்கப்படுற ஆபத்து இருக்கு. குடியேற்ற வழக்கறிஞர்கிட்ட கேட்காம இதுல கால் வைக்காதீங்க. கிரீன் கார்டு வரிசையில வருஷக்கணக்கா நிக்கிறோம், 170 டாலர் வாடகைக்காக அதைப் பணயம் வைக்கிறது நியாயமா?

3. "விலை ஏறிக்கிட்டே போகுது, இப்பவே எடுங்க." அமெரிக்காவில் 2021-ல 6 லட்சத்துக்கும் மேல ஆர்விகள் தொழிற்சாலையில இருந்து டீலர்களுக்குப் போச்சு. 2023-ல அது சுமார் 3.13 லட்சம். கொரோனா காலத்துல ஆசைப்பட்டு வாங்கின பலரோட வண்டிகள் இப்ப பழைய வண்டிச் சந்தையில கிடைக்குது. அவசரம் டீலருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

வேலை போனா?

ஹெச்-1பியில் இருக்கும்போது வேலை போனா, அதிகபட்சம் 60 நாள், அல்லது ஐ-94 முடியுற நாள், எது முதல்ல வருதோ அதுவரைக்கும்தான் அவகாசம். அதுக்குள்ள புது வேலை பிடிக்கணும், இல்லைன்னா விசா நிலையை மாத்தணும், இல்லைன்னா கிளம்பணும்.

15 வருஷக் கடன் எடுத்து ஒரு வருஷம் ஆன நிலையில இது நடக்குதுன்னு வைங்க. பாக்கி 29,000 டாலர். வண்டி 25,000-க்குப் போகும்னு வெச்சாலும், விக்கிறதுக்கே நீங்க கையில இருந்து 4,000 டாலர் போடணும். கடன் அடைஞ்சாதான் டைட்டில் கைக்கு வரும், டைட்டில் இல்லாம வாங்குறவர் தயங்குவார். அது டிசம்பர் மாசமா இருந்தா டிரெய்லர் வாங்க ஆளே குறைவு. அஞ்சு வருஷம் கழிச்சும் நிலைமை தேறாது: பாக்கி 24,000, விலை 16,000, பள்ளம் 8,000.

சம்பளம் நின்னுபோன வாரத்துல, வாடகை, கார் தவணை, ஊருக்கு அனுப்புற பணம் இதுக்கெல்லாம் நடுவுல இந்த 4,000-ஐத் தேடுற நிலைமை யாருக்கும் வேண்டாம். அதனால என் விதி ஒண்ணு: 6 மாசச் செலவு அவசர நிதியா தனியா இல்லைன்னா, கடன்ல டிரெய்லர் கிடையாது. சிட்டிசன்ஷிப் இருக்கிறவங்களுக்கும் லேஆஃப் உண்டு, இந்த விதி அவங்களுக்கும்தான்.

யாருக்கு வாங்குறது சரி?

கணக்கு சரியா வர்ற ஒரு வழி இருக்கு. அஞ்சு வருஷம் ஓடின டிரெய்லரை ரொக்கத்துக்கு வாங்குறது. விலை 15,000. வரியும் கட்டணமும் சேர்த்து 16,000. அஞ்சு வருஷம் கழிச்சு 9,000-க்கு விக்கிறீங்க. விலை இறக்கம் வருஷத்துக்கு 1,400. இட வாடகை 1,200, இன்சூரன்ஸ் 300, ரிஜிஸ்ட்ரேஷன் 100, பழசுங்கிறதால பராமரிப்பு கூட, 1,100. சாமான்கள் 300. மொத்தம் 4,400. அந்த 16,000-ஐ 4% வட்டியில போட்டிருந்தா வந்திருக்கிற 640-ஐயும் சேர்த்தா 5,040.

வாடகையோட ஒப்பிட்டா 30 ராத்திரி. சொந்த இடத்துல நிறுத்த அனுமதி இருந்தா 23 ராத்திரி. இது எட்டக்கூடிய எண்! ஏற்கனவே டிரக் இருக்கு, வீட்டுல இருந்து வேலை பார்க்கிற வசதி இருக்கு, பசங்க இன்னும் பள்ளிக்குப் போகாத வயசு, அவசர நிதி தனியா இருக்குன்னா தாராளமா யோசிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பணம் கொடுக்கிறதுக்கு முன்னால ஒரு ஆர்வி இன்ஸ்பெக்டரை வெச்சு கூரை, சுவர், தரை எல்லாம் தண்ணி இறங்கியிருக்கான்னு பார்த்துடுங்க.

வாங்குறதுக்கு முன்னால மூணு ட்ரிப்

இன்னும் மனசு இழுக்குதா? ஒரு வருஷம் தள்ளிப்போட்டு மூணு தடவை வாடகைக்கு எடுங்க.

1. பக்கத்துல ஒரு வாரக்கடைசி, 2 ராத்திரி. உரிமையாளரே கேம்ப்கிரவுண்ட்ல கொண்டுவந்து நிறுத்திக் கொடுக்கிற டிரெய்லரா பாருங்க. உங்க கார் என்னவா இருந்தாலும் பரவாயில்லை.
2. மழையோ வெயிலோ இருக்கிற சீசன்ல 2 ராத்திரி. நாலு பேரும் உள்ளேயே அடைஞ்சு கிடந்தா எப்படி இருக்குன்னு தெரியணும்.
3. தூரமா ஒரு பயணம், 5 ராத்திரி. பாலோ டியூரோ கேன்யனோ, பிக் பெண்டோ. ஊர்ல இருந்து அம்மா அப்பா வந்திருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களுக்கு ராத்திரியில பக்கத்துலயே கழிப்பறை இருக்கிறது பெரிய உதவி. ஆனா அவங்க வர்ற ஒரு சீசனுக்காக 15 வருஷக் கடன் வேண்டாம்.

ஒன்பது ராத்திரி, 1,530 டாலர். சொந்த டிரெய்லரோட ஒரு வருஷச் செலவுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்லை. மூணாவது ட்ரிப்ல இருந்து வீடு திரும்புற வழியிலேயே வீட்டுல எல்லாரும் "அடுத்தது எப்ப?"ன்னு கேட்டா, பழைய டிரெய்லர்களைத் தேட ஆரம்பிங்க. "அப்பாடா, நம்ம கட்டில்"னு மூச்சு விட்டா, உங்களுக்கு 8,720 டாலர் மிச்சம், வருஷாவருஷம்.

இந்தியாவில இருந்து படிக்கிறவங்களுக்கும் இதே கணக்குதான். ஊருக்கு வெளியில வீக்எண்ட் வீடு, ரிசார்ட் மெம்பர்ஷிப், ரெண்டாவது கார், எதுவா இருந்தாலும் ஒரு வருஷ மொத்தச் செலவை, வாடகைக்கு எடுத்தா ஒரு நாளைக்கு ஆகுற செலவால வகுங்க. வர்ற எண்ணைப் போன வருஷ காலண்டரோட ஒப்பிடுங்க. அடுத்த வருஷ காலண்டரோட ஒப்பிடாதீங்க, அதுல எல்லா வாரக்கடைசியும் காலியாதான் தெரியும்.

உங்க எண் எவ்வளவு வந்துச்சு, போன வருஷம் நிஜமா எத்தனை ராத்திரி வெளியில தங்கினீங்க, ரெண்டையும் கமென்ட்ல போடுங்க. அடுத்த வீடியோவுல அதுல சிலதை எடுத்து வரி வரியா கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.